தோணி போன கால்வாய்

அட்லாண்டிக் பெருங்கடலில், மொரோக்கோ கரைக்கு மேற்கே, போர்த்துக்கல் நாட்டுக்குச் சொந்தமான ஒரு தீவு மடெய்ரா. மலைமேல் பெய்யும் மழையை மலையின் இடுப்பிலேயே பிடித்து, சரிவு இருப்பதே கண்ணுக்குத் தெரியாத அளவு சன்னமான சரிவில் பல கிலோமீட்டர் நடத்திக்கொண்டு போய் வயலில் விடும் வாய்க்கால்கள் அங்கே தீவு முழுக்க ஓடுகின்றன. 'லெவாடா' என்பது அவற்றின் பெயர். அகலம் ஓரடி, இரண்டடி, மிஞ்சிப்போனால் மூன்றடி. பக்கத்தில் வாய்க்காலைப் பார்த்துக்கொள்பவர் நடக்க ஓர் ஒற்றையடிப் பாதை. இன்று அந்தப் பாதையில்தான் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் முதுகுப்பையோடு வந்து காட்டுக்குள் நடக்கிறார்கள். நாங்கள் நான்கு பேரும் போவதாக இருக்கிறோம்.

போவது முடிவான நாளிலிருந்து திட்டமிடும் வேலை என் தலையில். சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மாமாக் கடையில் உட்கார்ந்துதான் வரைபடத்தைப் பரப்புவோம். முதல் நாளே நண்பன் கேட்டான்: "கால்வா ஓரமா நடக்கறதுக்குப் போர்த்துக்கல் வரைக்கும் போவணுமா லா? சுங்கை கெராயோங் ஓரமா நடந்தா பத்தாதா?" கேள்வி ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை. எங்கள் பகுதிக்கும் ஒரு நீர்வழி இருக்கிறது. 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் அம்பாங் பக்கம் கிள்ளான் ஆற்று வெள்ளத்தை விழுங்கி, 9.7 கிலோமீட்டர் நிலத்துக்கு அடியில் ஓட்டி, எங்கள் ஊருக்கு அருகே தாமான் டேசா குளத்தில் துப்புகிறது. அங்கிருந்துதான் கெராயோங் ஆறு. 'அம்பாங்' என்ற பெயரே 'எம்பாங்', அதாவது அணை என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். 1857இல் ஈயம் தேடி அந்தக் காட்டுக்குள் போன 87 சீனத் தொழிலாளர்களில் ஒரு மாதத்துக்குள் 69 பேர் காய்ச்சலில் செத்துப்போனார்கள். கோலாலம்பூரின் கதை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. தண்ணீரைத் திருப்பிய இடங்களில் எல்லாம் யாரோ செத்திருக்கிறார்கள் என்று அன்று தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே சொன்னேன். அவன் அதற்கும், "அப்ப அங்கயும் செத்திருப்பான்" என்றான். அந்தப் பேச்சு அதோடு முடியவில்லை.

முதலில் பாதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தேர்ந்தெடுத்தது கல்டெய்ராவ் வெர்டெ என்ற லெவாடா. 'பச்சைக் கொப்பரை' என்று மொழிபெயர்க்கலாம். தீவின் வடபகுதியில், சந்தானா ஊருக்கு மேலே கெய்மாடாஸ் என்ற இடத்தில் தொடங்கும். போக வர ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ஏற்றம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, வாய்க்கால் எப்படிப் போகிறதோ அப்படியே நாமும் போகவேண்டியதுதான். அப்படியென்றால் என்ன கஷ்டம்? பாதையின் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பாதாளம். சில இடங்களில் ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய அகலம், இடையில் ஒரு கம்பிக் கயிறு. எதிரே ஆள் வந்தால் யாராவது ஒருவர் வாய்க்கால் பக்கம் ஒடுங்கி நிற்க வேண்டும். நடுவில் நான்கு சுரங்கங்கள், பாறையைக் கையால் குடைந்தவை. உள்ளே வெளிச்சம் இல்லை, கூரை தாழ்வு, காலடியில் எப்போதும் ஈரம். தலைவிளக்கு இல்லாமல் நுழைவது மடத்தனம். முடிவில் சுமார் 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஓர் அருவி. அதற்கும் அப்பால் படிக்கட்டு ஏறி 'நரகக் கொப்பரை'க்குப் போகலாம், உடம்பில் தெம்பு மிச்சமிருந்தால். மழை பெய்தால் மேலிருந்து கல் விழும், பாதையை மூடிவிடுவார்கள். அதனால் கையில் ஒன்றுக்கு இரண்டு நாள் வைத்திருப்பது நல்லது.

பயிற்சிக்கு நுவாங் மலையை வைத்துக்கொண்டோம். 1,493 மீட்டர் உயரம். பங்சுன் வழியாக ஏறும்போது முதலில் வரும் அந்த முடிவே இல்லாத மண்பாதைக்கு ஈடுகொடுத்த காலுக்கு மடெய்ரா பெரிய விஷயமாக இருக்காது. பிரச்சினை கால் அல்ல, கண். எங்களில் ஒருத்திக்கு உயரம் பார்த்தால் தலை சுற்றும். அவளை மூன்றாவதாக நடக்கவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

இத்தனையும் பயணக் கையேடுகளில் கிடைக்கிறது. கையேடுகளில் இன்னொரு வாக்கியமும் தவறாமல் கிடைக்கிறது: லெவாடாக்கள் 15ஆம் நூற்றாண்டிலிருந்து கட்டப்பட்டன, அவை மனித உழைப்பின் அற்புதம். 'கட்டப்பட்டன' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். நம் தோட்டங்களைப் பற்றிய பழைய வரலாற்று நூல்களும் அதே மொழியில்தான் பேசும். காடுகள் அழிக்கப்பட்டன, சாலைகள் போடப்பட்டன, தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றினால் ஆள் காணாமல் போய்விடுகிறான். அந்த ஆளைத் தேடித்தான் கையேட்டை மூடிவிட்டு வரலாற்றுக்குள் போனேன்.

மடெய்ராவில் மனிதர்கள் நிலையாகக் குடியேறியது 1420களில்தான். அதற்கு முன் தீவு முழுக்கக் காடு. பெயருக்கே 'மரம்' என்றுதான் பொருள். போர்த்துக்கீசியர்கள் காட்டுக்குத் தீ வைத்தார்கள், வெட்டினார்கள், முதலில் கோதுமை போட்டார்கள். பிறகு கரும்பு வந்தது. 1450களில் மடெய்ராவின் சர்க்கரை ஐரோப்பியச் சந்தைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இந்தச் சின்னத் தீவு ஐரோப்பாவின் சர்க்கரைக் கிண்ணமாகிவிட்டது. கரும்புக்கு வெயிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். மடெய்ராவில் வெயில் தெற்கே, மழை வடக்கிலும் உச்சியிலும். இரண்டையும் சேர்த்துவைக்கத்தான் வாய்க்கால். ஆலைச் சக்கரத்தைச் சுற்றவும் அதே தண்ணீர்தான். பாகு காய்ச்ச விறகு, அதற்கு மறுபடியும் காடு.

வெட்டியது யார்? சம்பளத்துக்கு வந்த போர்த்துக்கீசிய ஏழைகள் இருந்தார்கள். அவர்களோடு அடிமைகளும் இருந்தார்கள். வட ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த மூர்கள், மேற்கு ஆப்பிரிக்கக் கறுப்பர்கள், பக்கத்திலிருந்த கனேரித் தீவுகளின் பூர்வகுடிகளான குவாஞ்சிகள். ஒரே பயிர், ஏற்றுமதிக்கென்றே விளைச்சல், வெளியிலிருந்து வந்த முதலீடு, பிடித்துவந்த கூலி, மொட்டையடிக்கப்பட்ட காடு. பிற்காலத்தில் நாம் 'எஸ்டேட்' என்று அறிந்த ஏற்பாட்டின் ஆரம்பப் பட்டறைகளில் ஒன்று இந்தத் தீவு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதனால்தான். மடெய்ராவின் பண்ணைகள் சிறியவை, அடிமைகளின் எண்ணிக்கையும் பின்னாளைய பிரேசிலோடு ஒப்பிட்டால் குறைவு. ஆனால் அச்சு இங்கேதான் வார்க்கப்பட்டது.

தண்ணீரைப் பற்றி ஒரு விஷயம் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. மடெய்ராவில் நிலம் வேறு, தண்ணீர் வேறு. வாய்க்காலில் பங்கு வைத்திருப்பவனுக்கு நிலமே இல்லாமல் இருக்கலாம். தண்ணீரை மணிக்கணக்கில் விற்கலாம், வாடகைக்கு விடலாம். நிலத்தில் பாடுபடுபவன் மழை பெய்யும் தீவில் தண்ணீரைக் காசுக்கு வாங்க வேண்டியிருந்தது. முறைவைத்து மதகு திறந்துவிடுகிறவருக்கு 'லெவடெய்ரோ' என்று பெயர். நம்மூர் நீர்க்கட்டியேதான். நீர்க்கட்டி என்ற சொல்லே என் தலைமுறைக்கு அந்நியமாகியிருக்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏரித் தண்ணீரை வயலுக்கு வயல் முறைவைத்துப் பாய்ச்சுகிறவர் அவர். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிக்காரர். தண்ணீர் முழுவதும் அவர் கைவழியாகப் போகும், அவருக்கென்று நிலம் இருக்காது.

நாங்கள் நடக்கப்போகும் வாய்க்கால் கரும்புக் காலத்தது அல்ல, இதையும் சொல்லியாக வேண்டும். அது 18ஆம் நூற்றாண்டில், ஃபயால் ஊரின் வயல்களுக்காக வெட்டியது. அதற்கெல்லாம் முன்பே மடெய்ராவின் சர்க்கரை கதை முடிந்திருந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உச்சத்தைத் தொட்டுச் சரிந்து, அந்த இடத்துக்குத் திராட்சையும் மதுவும் வந்துவிட்டன. உச்சியில் இருக்கும் பெரிய லெவாடாக்கள் சில இன்னும் புதியவை, 1940களிலிருந்து அரசாங்கம் கட்டியவை. செங்குத்துப் பாறையில் ஆட்களைக் கயிற்றில் கட்டி, கூடையில் வைத்து இறக்கி வெட்டச் சொன்னார்கள். விழுந்தவர்கள் விழுந்தார்கள். ஆகவே ஒவ்வொரு லெவாடாவையும் 'அடிமைகள் வெட்டியது' என்று ஒரே வாயாகச் சொல்வது, 'கட்டப்பட்டன' என்று சொல்வதைப் போலவே சோம்பேறித்தனம்.

இங்கிருந்து கரும்பின் பின்னால் போகவேண்டும். மடெய்ராவின் கரும்பும் அதைக் காய்ச்சத் தெரிந்த ஆட்களும் சாவோ தோமே தீவுக்கும் பிரேசிலுக்கும் போனார்கள். கொலம்பஸ் இளவயதில் மடெய்ராவுக்குச் சர்க்கரை வாங்க வந்துபோன வியாபாரி. பக்கத்துத் தீவான போர்த்தோ சாந்தோவின் ஆளுநராக இருந்தவரின் மகளைத்தான் கட்டிக்கொண்டார். 1493இல் இரண்டாவது முறையாகக் கடல் கடந்தபோது அவர் கப்பலில் கரும்பும் போனது. அதற்குப் பின் கரீபியத் தீவுகளில் நடந்ததை உலகம் அறியும்.

1834இல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. கரும்புத் தோட்டக்காரர்கள் மாற்றுக் கூலிக்கு அலைந்தார்கள். பிரிட்டிஷ் கயானாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக முதலில் வந்தவர்களில் யார் யார் இருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? மடெய்ராக்காரர்கள். 1835 மே 3ஆம் தேதி 'லூயிசா பெய்லி' என்ற கப்பலில் ஏறக்குறைய நாற்பது பேர் போய் இறங்கினார்கள். மூன்று வருடம் கழித்து, 1838 மே 5ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து கிளம்பிய 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' கப்பல்களில் முதல் இந்தியக் கூலிகள் அதே கரைக்கு வந்து சேர்ந்தார்கள். நான் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நானூறு வருடத்துக்கு முன்னால் கரும்புக்கு வாய்க்கால் வெட்டிய தீவு, தன் ஏழைகளையே கரும்புக் கூலிகளாக அனுப்பியிருக்கிறது. 1840களில் உருளைக்கிழங்கு நோயும் 1850களில் திராட்சை நோயும் தாக்கியபோது ஆயிரக்கணக்கில் போனார்கள். 1878 முதல் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கும் போனார்கள். அவர்கள் கொண்டுபோன சின்னக் கிதார்தான் அங்கே உகுலேலே ஆனது. யூடியூபில் உகுலேலே வாசிக்கும் என் மருமகளுக்கு இதைச் சொன்னபோது, "மாமா, எல்லாத்துலயும் ஒரு கூலி கதைய கொண்டுவந்துருவீங்க" என்று சிரித்தாள்.

நம் கதைக்கு வருவோம். மலேசியத் தமிழர் வரலாறு என்றால் நமக்குள் ஓடும் படம் ரப்பர். அகிலனின் நாவல் தலைப்பே 'பால்மரக் காட்டினிலே'. நான் படித்த மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் வெளிக்காட்டு வேலை, கித்தா மரம், வாளி, ஒட்டுப்பால், பிரட்டுக்களம் எல்லாம் உண்டு. கரும்பைப் பார்த்த ஞாபகம் இல்லை. கரும்புத் தோட்டம் என்றால் பாரதி, பாரதி என்றால் ஃபிஜி. ஆனால் ரப்பர் இங்கே பெருகியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு அறுபது ஆண்டுக்கு முன்பே, ஃபிஜிக்கு முதல் கப்பல் போவதற்கும் முன்பே, தமிழர்கள் செபராங் பிறையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

பத்து கவான் பக்கம் முதலில் கரும்பு போட்டவர்கள் தியோச்சு சீனர்கள். 1840களில் ஐரோப்பியர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் லியோனார்டு ரே. 1848இல் லண்டனில் கரும்பு விவசாயம் பற்றி அவர் வெளியிட்ட கையேடு அந்தக் காலத்தில் பிரபலம். தன் பதினாறு வருட அனுபவம் என்று அவர் சொல்லிக்கொள்வது ஜமைக்காவிலும், வங்காளத்திலும், நம் நீரிணைக் கரையிலும் பெற்றது. இந்த ஒரு மனிதரின் பயணத்தைப் பிடித்துக்கொண்டாலே போதும். மடெய்ராவில் வார்த்த அச்சு, கரீபியனில் பெரிதாகி, ஜமைக்காவின் வழக்கங்களோடு, ஆட்களோடு, புத்தகத்தோடு, நிபோங் தெபால் சதுப்புக்கு வந்து இறங்கியிருக்கிறது. அடிமைகள் மட்டும் வரவில்லை. அந்த இடத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள் வந்தார்கள்.

அதைத்தான் நம் ஆட்கள் 'சஞ்சிக்கூலி' என்றார்கள். ஜஞ்சி என்றால் மலாயில் வாக்கு, ஒப்பந்தம். கப்பல் கூலியும் முன்பணமும் கடனாகத் தலையில் ஏறும், அது தீரும்வரை வேலை. ஒப்பந்தத்தை மீறினால் அது சிவில் வழக்கு அல்ல, குற்றம், சிறைக்குப் போகலாம். கரும்புத் தோட்டங்களில் சாவு எண்ணிக்கை அதிகம். அடி, பட்டினி பற்றிய புகார்கள் 1870களில் அரசாங்கத்தின் காதுவரை போய் விசாரணை நடந்தது. இதை அடிமைமுறை என்று சொல்லிவிடலாமா? எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சஞ்சிக்கூலியின் பிள்ளை சஞ்சிக்கூலியாகப் பிறக்கவில்லை, அவனை ஏலத்தில் விற்கவில்லை. அந்த வித்தியாசத்தை அழித்துவிட்டால் அடிமைகளுக்கும் துரோகம், நமக்கும் பயனில்லை. ஆனால் தோட்டத்தின் வரைபடம், வேலையின் வேகம், பிரம்பு, லயம், இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பதில் அந்தத் தீவுகளை நோக்கித்தான் போகிறது. 1910இல் மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை முடிந்தது. சில ஆண்டுகளில் செபராங் பிறையில் கரும்பும் முடிந்தது. அதே தோட்டங்களில் ரப்பரையும் தென்னையையும் நட்டார்கள்.

இனி என் பாட்டி. அவருடைய தாய்வழி சுங்கை ஜாவி பக்கம். பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்தில். சின்ன வயதில் அவர் அடிக்கடி சொல்வது ஒன்று: "எங்க தோட்டத்துல தோணி போன கால்வா இருந்துச்சு. நாங்க பொறக்கறதுக்கு முன்னயே தோணி நின்னுபோச்சு. ஆனா அதுக்குப் பேரே தோணிக் கால்வாதான்." ரப்பர் தோட்டத்தில் தோணி எதற்கு? ரப்பர் பாலை வாளியில் தூக்கிக்கொண்டு வருவார்கள், லோரியில் ஏற்றுவார்கள். பாட்டி கதையைப் பெரிதாக்கிச் சொல்கிறார் என்று வீட்டில் எல்லோரும் சிரிப்போம்.

கரும்புக்குத்தான் தோணி. செபராங் பிறையின் சர்க்கரைத் தோட்டங்கள் கடலோரச் சதுப்பில் இருந்தவை. தண்ணீரை வடித்தால்தான் நிலம். வடிக்கக் கால்வாய் வெட்டினார்கள். வெட்டிய கால்வாயிலேயே கரும்புக் கட்டைத் தோணியில் ஏற்றி ஆலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். லின் ஹாலன் லீஸ் என்ற வரலாற்றாசிரியர் பிரிட்டிஷ் மலாயாவைப் பற்றி 2017இல் வெளியிட்ட நூலில் பினாங்கு சர்க்கரைத் தோட்டக் கம்பெனியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கலிடோனியா என்ற தோட்டம் அந்தக் கம்பெனியின் மையம். ஹார்ஸ்மன் என்ற லண்டன் நாடாளுமன்ற உறுப்பினரின் சொத்தாக இருந்து, அவருடைய மனைவிவழி உறவான ராம்ஸ்டன் குடும்பத்துக்குப் போனது. அந்தக் குடும்பத்தின் மாளிகைதான் நிபோங் தெபாலில் பாழடைந்து நிற்கும் '99 கதவு' வீடு. 1948இல் ராம்ஸ்டன் ஒருவர் அங்கே சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு பேய் வீடு என்று பெயர் வாங்கிவிட்டது. யூடியூபில் தட்டினால் இரவில் டார்ச்சோடு நுழைந்து அலறும் பையன்களின் காணொளிகள் வரிசையாக வரும். சுற்றியிருக்கும் கால்வாய்களை யாரும் படமெடுத்ததாகத் தெரியவில்லை.

மடெய்ராவின் வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவரும், நம்முடையது தண்ணீரை வெளியேற்றும். அது மலையில், இது சேற்றில். அங்கே விழுந்து செத்தான், இங்கே காய்ச்சலில் செத்தான். அங்கே இன்று அந்தப் பாதைக்கு எண் கொடுத்து, பலகை நட்டு, கம்பிக் கயிறு கட்டி, அதைச் சுற்றியுள்ள லாரல் காட்டை 1999இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். இங்கே செம்பனைக்கு நடுவே ஓடும் ஒரு வடிகால், அவ்வளவுதான். பாட்டி வைத்திருந்த பெயரைத் தவிர அதற்கு வேறு பலகை இருந்ததில்லை. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது.

குழுவில் இதையெல்லாம் பேசியபோது ஆளுக்கொரு கருத்து. ஒருத்தி, "அப்ப நாம அங்க போவணுமா, வேணாமா?" என்றாள். போகத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். அந்தக் காடு அழகானது, அருவி அழகானது, அதை மறுப்பதற்கு எனக்கு எந்த அவசியமும் இல்லை. சுரங்கத்துக்குள் குனிந்து போகும்போது சுவரில் உளித் தடத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் வரிசையை மாற்றச் சொன்னேன்: முதலில் நிபோங் தெபால், பிறகு மடெய்ரா. நண்பன் சிரித்தான். "அதான் மொத நாளே சொன்னேன், கால்வா பாக்க அவ்ளோ தூரம் எதுக்குன்னு." சரி, அவனே கார் ஓட்டட்டும்.

அடுத்த பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் ஏழு, ஏழரைக்கு நிபோங் தெபால். சுங்கை ஜாவியில் பாட்டியின் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், எண்பது வயதைத் தாண்டியவர். தோணிக் கால்வாய் எது என்று கைகாட்ட அவரால் முடியும். தொலைபேசியில் கேட்டபோது, "இருக்குய்யா, தூந்துபோச்சு பாதி. ரெண்டு கல்லு நடக்கலாம். பூட்ஸ் போட்டுட்டு வாங்க, அட்டையும் பாம்பும் கெடக்கும்" என்றார். தோட்டத்துக்குள் நுழைய அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், அந்தக் கடிதத்தை நான் எழுதுகிறேன். அங்கே நிழல் இல்லை, பத்து மணிக்கு மேல் நடக்க முடியாது. தலைவிளக்கு வேண்டாம், தொப்பி வேண்டும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர்.